ஓடிப்போய்ச் செய்யும் உபகாரம்

காவலர் தேர்வுக்குத் தங்களை ஆயத்தம் செய்துகொள்ளும் வாலிபர்கள் விடியற்காலையில் கூட்டங்கூட்டமாக ஓடுவதைப் பழைய தென்னாற்காட்டு ஜில்லாவின் எந்தச் சிற்றூரிலும் காணலாம். ஸ்ரீமுஷ்ணமும் அதற்கு விலக்கன்று. ஆண்களாயின் 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள்ளும், பெண்களாயின் 400 மீட்டரை இரண்டரை நிமிஷத்துக்குள்ளும் ஓடிக் கடந்தாக வேண்டும் என்று சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் வகுத்திருக்கும் விதி, நம் கிராமத்துப் பிள்ளைகளை எந்த வைத்தியரின் உபதேசத்தையும் விடப் பலமாகப் படுக்கையிலிருந்து எழுப்பிவிடுகிறது. அவர்கள் ஓடிக் கடக்கும் அதே தெருக்களில், மக்கள் சென்னைக்கும் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிப் போய்விட, திண்ணையில் தனியே உட்கார்ந்து, போகிறவர்களில் யாரேனும் நின்று இரண்டு வார்த்தை பேசமாட்டார்களா என்று ஏங்கும் விருத்தர்களும் இருக்கிறார்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டு ஜனங்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியிருந்தார்கள். இன்று அந்த விகிதம் உயர்ந்திருக்குமே தவிரக் குறைந்திராது.

இந்த இரு சாராரையும் ஒன்று சேர்ப்பதற்கான உபாயத்தை லண்டன் மாநகரில் ஒருவர் கண்டுபிடித்தார். ஐவோ கார்ம்லி என்னும் ஆவணப்பட இயக்குநர், தேகப்பயிற்சிக் கூடங்களில், ஓடினாலும் இடம் பெயராத இயந்திரப் பட்டைகளின்மேல் எத்தனையோ பேருடைய சரீரபலம் பயனின்றிச் செலவாவதைக் கண்டு விசனப்பட்டார். நடமாட்டம் குறைந்து வீட்டோடு முடங்கியிருந்த முதியவர் ஒருவர் அவருடைய குடும்பத்துக்குச் சிநேகிதர். தாம் ஓடும் வழியில் அவர் வீட்டுக்குள் புகுந்து, செய்தித்தாளைக் கொடுத்து, சற்றுநேரம் பேசியிருந்துவிட்டுத் திரும்ப ஓடுவது என்று வைத்துக்கொண்டபோது, முதியவருக்குத் துணை கிடைத்ததோடு, தமக்கும் ஓட்டத்தில் என்றுமில்லாத ஒழுங்கு ஏற்பட்டதை அவர் உணர்ந்தார். அதிலிருந்து 2008இல் கிழக்கு லண்டனில் முளைத்ததுதான் ‘குட்ஜிம்’ என்னும் தர்ம ஸ்தாபனம். இன்று பிரிட்டனின் பல நகரங்களில் அது நடைபெறுகிறது. வாரத்தில் ஒரு மாலை குழுவாகக் கூடி ஓடிச்சென்று, பொதுத் தோட்டத்துக்கு மண் சுமப்பார்கள். அல்லது ஏழைகளுக்கான உணவுக் களஞ்சியத்தில் டப்பாக்களைத் தரம் பிரித்து அடுக்குவார்கள். பிறகு ஓடியே திரும்புவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் வயோதிகருக்காகக் கட்டிலை மாடியிலிருந்து கீழே இறக்கிப் போடுவதும் அவர்கள் வேலைதான். தனித்திருக்கும் முதியவர் ஒருவரை வாரந்தோறும் ஓடிச்சென்று பார்த்துவருவதையும் சிலர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டில் நான் மிகவும் வியந்து போற்றுவது ஒன்று உண்டு. பார்க்கப்படும் முதியவருக்கு அங்கே உதவி பெறுகிறவர் என்ற ஸ்தானம் இல்லை. அவர்தாம் ஓடிவருகிற வாலிபருக்குப் பயிற்சியாளர். ‘போன வாரம் ஏன் தாமதம்?’ என்று கேட்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் காத்திருக்கிறார் என்ற நினைவே மழை நாளிலும் வாலிபரைக் காலணி அணிய வைக்கிறது. ‘யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது’ என்பதைக் கடைசி மூச்சுவரை விரதமாகக் கொண்டிருக்கும் நம் பாட்டிமார்களை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். ‘உனக்கு ஏதாவது வேண்டுமா, பாட்டி?’ என்று கேட்டால் ‘ஒன்றும் வேண்டாமடா, கண்ணு’ என்றுதான் பதில் வரும். ‘உன் வீடுவரை ஓடிவர எனக்கு எவ்வளவு நேரம் ஆகிறதென்று பார்த்துச் சொல்’ என்று கேட்டாலோ, கடிகாரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். தனிமையைக் கவனிக்கவென்றே 2018இல் ஓர் அமைச்சரை நியமித்த தேசம் பிரிட்டன். ஆனால் அமைச்சர் எவராலும் திண்ணையில் வந்து உட்கார முடியாதல்லவா?

ஓட்டத்தைப் பிறருக்கான ஊழியமாகக் கொள்வது நமக்குப் புதிதும் அன்று. கன்னியாகுமரிச் சீமை திருவிதாங்கூரோடு இருந்த நாளில், மணி கட்டிய கோலைக் கையில் பிடித்து அஞ்சலோட்டக்காரர் கடிதப் பையோடு ஓடினார். 1951இல்தான் அந்த அஞ்சல் இலாகா இந்தியத் தபாலோடு இணைந்தது. பெருமாளைத் தோளில் எழுந்தருளப் பண்ணிக்கொண்டு ஸ்ரீபாதந்தாங்கிகள் வீதியில் விரையும் வேகத்தை ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகன் சந்நிதியில் வளர்ந்தவர்களுக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை. மாசி மகத்துக்கு அந்தப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரி கண்டருளப் புறப்படுவதும், அங்குள்ள முஸ்லிம் பெருமக்கள் அவருக்கு மரியாதை செய்து வரவேற்பதும், அயலார் வாசலுக்கு நாமே போய் நிற்பதில் எவ்வளவு சிநேகம் விளைகிறது என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் காட்டிவருகின்றன.

தமிழ்நாட்டு ஓட்டக்காரர்கள் பரோபகாரத்தில் பின்தங்கியவர்களும் அல்லர். 2013 முதல் நடந்துவரும் கோயம்புத்தூர் மராத்தான், அவ்வூர்ப் புற்றுநோய் அறக்கட்டளைக்குப் பக்கபலமாயிருக்கிறது. சென்னையில் ‘ட்ரீம் ரன்னர்ஸ்’ சங்கத்தார் நடத்தும் அரை மராத்தானின் வருமானம் கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்துவதற்குப் போகிறது. ஓடிக்கொண்டே குப்பை பொறுக்கும் ‘பிளாகிங்’ என்ற வழக்கம் ஸ்வீடனில் பிறந்து, 2019 அக்டோபர் 12ஆம் தேதி காலையில் பிரதம மந்திரி மாமல்லபுரம் கடற்கரையில் குப்பை பொறுக்கியதன் மூலம் நம்மவர் காதிலும் விழுந்தது. இவை யாவும் சிலாக்கியமானவையே. ஆயினும் வருஷத்துக்கு ஒருமுறை திரட்டும் நிதியைக் காட்டிலும், வாரந்தவறாமல் ஒரே வாசலில் போய் நிற்கும் ஒருவனுடைய வருகை, ஸ்ரீமுஷ்ணம் போன்ற ஊருக்கு அதிகம் தேவை என்பது என் திடமான அபிப்பிராயம்.

காரியங்களுக்குக் குறைவே இல்லை. எரியாத குழல்விளக்கை மாற்றுவது, பரண்மேல் இருக்கும் தகர டப்பாவை இறக்கிக் கொடுப்பது, காலியான காஸ் சிலிண்டரைக் கழற்றி நிறைந்ததைப் பூட்டுவது, ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றிதழுக்குத் துணைக்குப் போவது: இவை இருபது வயதுக்காரனுக்குக் கால் மணி நேர வேலை, எழுபத்தைந்து வயதுக்காரிக்கோ ஒரு வாரத்துக் கவலை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை வியாதிக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து சேர்க்கிறது. ஆனால் வந்த மாத்திரை அன்றாடம் வாய்க்குள் போகிறதா என்று விசாரிக்க ஒரு பேரப்பிள்ளை வேண்டும்.

ஜாக்கிரதையும் அவசியம். பிரிட்டனில் முதியவர் வீட்டுக்குத் தனியே அனுப்புமுன் ஓட்டக்காரரின் பூர்வோத்தரத்தைக் குற்றப் பதிவேட்டில் சரிபார்த்துவிடுகிறார்கள். நம் ஊரில், ஊரறிந்த உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் பொறுப்பேற்று, பையன்களை இருவர் இருவராக அனுப்பி, பணங்காசு எதையும் அவர்கள் கையில் வாங்கக்கூடாது என்று கண்டிப்புச் செய்தால் போதும் என்று நினைக்கிறேன். இதைவிடப் பெரிய சிரமம் வேறொன்று: இந்தப் பிள்ளைகள் தேறிவிட்டால் பயிற்சிப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். ஆகையால், வேலை கிடைத்துப் புறப்படுகிறவன், தான் ஓடிச்சென்று பார்த்த பாட்டியின் வாசலுக்கு அடுத்த வருஷத்துப் பையனைக் கையோடு அழைத்துப் போய், அவளுக்கு எந்தக் காது மந்தம், எந்த வேளை மாத்திரையை மறப்பாள், எந்தப் பேச்சை எடுத்தால் அழுவாள் என்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போகவேண்டும்.