துப்பாக்கியின் விலையும் மேகசினின் தரமும்

தனியாக வசிக்கும் முதிய தம்பதியர் தாக்கப்பட்டனர் என்ற செய்தி நாளிதழ்களில் வரும்போதெல்லாம், மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் சில வீடுகளில் ஒரே பேச்சு எழுவதுண்டு. பிள்ளைகள் வெளிநாட்டில், காவலாளி இரவில் உறங்கிவிடுகிறார், உரிமம் பெற்று ஒரு கைத்துப்பாக்கி வாங்கி வைத்துக்கொண்டால் என்ன? சில நாள்களில் அந்தப் பேச்சு அடங்கிவிடும். அடங்காதவர்கள் அடுத்துக் கேட்பது, எந்தத் துப்பாக்கி, என்ன விலை என்பதுதான்.

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் எழுதப்பட்ட அறிவுரைகள் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ எதுவும் சென்னைக்குப் பொருந்தாது. அங்கே பெரும்பாலும் பரிந்துரைக்கப்படும் 9 மி.மீ. பிஸ்டலை இங்கே சாமானியர் வாங்கவே முடியாது. ராணுவமும் காவல் துறையும் பயன்படுத்தும் 9 மி.மீ., .45, .380 போன்ற தோட்டாக்களை ஏற்கும் கைத்துப்பாக்கிகள் நம் சட்டத்தில் தடை செய்யப்பட்ட வகை. அவற்றுக்கு அனுமதி தரும் அதிகாரம் மத்திய உள்துறை அமைச்சகத்திடம் உள்ளது. அது எளிதில் கிடைப்பதன்று. தனிநபர்கள் வெளிநாட்டிலிருந்து துப்பாக்கி தருவிப்பதும் 1980-களின் நடுப்பகுதி முதல் பெரிதும் அடைபட்டுவிட்டது. புகழ்பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்கள் போன்ற சிலருக்கு மட்டுமே விலக்கு. ஆகவே பாதித் தானியங்கிக் கைத்துப்பாக்கி வேண்டும் என்போருக்கு நடைமுறையில் எஞ்சுவது .32 என்று அழைக்கப்படும் 7.65 மி.மீ. பிஸ்டல்தான்.

அந்தத் தோட்டாவின் வயது நூற்றாண்டைத் தாண்டியது. ஜான் பிரவுனிங் என்ற அமெரிக்கர் வடிவமைக்க, பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷைச் சுட வாஞ்சிநாதன் பயன்படுத்தியதும் பெல்ஜியத்தில் தயாரான பிரவுனிங் கைத்துப்பாக்கிதான். அக்காலத்தில் அது நவீனத்தின் உச்சம். இன்று உலகம் அதைச் சிறிய, பழைய தோட்டாவாகவே கருதுகிறது. இந்தியாவில் மட்டும் சட்டத்தின் விளைவாக அதற்கு மதிப்புக் குறையவில்லை.

சந்தையில் இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்று, மேற்கு வங்கத்தின் ஈஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையின் 'அசானி' போன்ற உள்நாட்டுப் பிஸ்டல். அரசின் ஆயுதத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபர் 1 அன்று ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்ட பிறகு, நம் திருச்சி ஆலையைப் போலவே ஈஷாப்பூரும் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டது. மற்றொன்று, இறக்குமதி அடைபடும் முன் நாட்டுக்குள் வந்த வால்தர், பெரெட்டா, வெப்லி ஸ்காட், கோல்ட் போன்ற பழைய துப்பாக்கிகள். புதியவை வர வழியில்லாததால், பிறந்த நாட்டில் பழம்பொருள் விலைக்குப் போகும் இவை இங்கே பல லட்ச ரூபாய்க்குக் கைமாறுகின்றன. உள்நாட்டுப் பிஸ்டல் அந்தத் தொகையில் ஒரு சிறு பகுதிதான். ஆயினும் மலிவு என்று சொல்லிவிட முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்டல், ரிவால்வர்களுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடாக உயர்ந்துவிட்டது. விலை கேட்கும்போது வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வெளிநாட்டு முத்திரைக்கு நம்மவர்கள் தரும் மதிப்பு கைக்கடிகாரத்தில் பொருந்தலாம். இங்கே அது வழிதவறச் செய்யும். காரணம், பாதித் தானியங்கித் துப்பாக்கியின் நம்பகத்தன்மை பெரும்பாலும் அதன் பளபளக்கும் உடலில் இல்லை. கைப்பிடிக்குள் நுழையும் அந்தத் தகரப் பெட்டியில், அதாவது மேகசினில் இருக்கிறது.

மேகசின் என்பது ஓர் உலோகக் கூடு, அதற்குள் ஒரு சுருள்வில், வில்லின் மேல் தோட்டாக்களைத் தாங்கி நிற்கும் ஒரு தட்டு, அடியில் ஒரு மூடி, அவ்வளவுதான். கூட்டின் மேல்விளிம்பு இருபுறமும் உள்நோக்கி வளைந்திருக்கும். இந்த இரண்டு உதடுகள்தாம் தோட்டாவைச் சரியான கோணத்தில் பிடித்து வைத்திருந்து, உரிய நேரத்தில் விட்டுக்கொடுக்கின்றன. ஒருமுறை சுட்டதும் மேற்பகுதி பின்னால் சென்று திரும்பும் இமைப்பொழுதுக்குள் வில் அடுத்த தோட்டாவை மேலே தள்ளியிருக்க வேண்டும். வில் தளர்ந்திருந்தால் தோட்டா எழும்பாது. கீழே விழுந்து ஓர் உதடு சற்றே வளைந்திருந்தாலும் தோட்டா கோணலாகச் சென்று சிக்கிக்கொள்ளும். துப்பாக்கி பழுது என்று கொண்டுவரப்படுபவற்றில் பல, மேகசினை மாற்றியதும் சரியாகிவிடுவது இதனால்தான்.

.32 தோட்டாவுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. அதன் அடிவிளிம்பு உடலைவிடச் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேகசினில் அடுக்கும்போது மேலுள்ள தோட்டாவின் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்கு முன்னால் அமர வேண்டும். பின்னால் அமர்ந்துவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். அதன் பிறகு துப்பாக்கியைக் குலுக்கினாலும் தட்டினாலும் பயனில்லை, மேகசினைக் கழற்றித்தான் சரிசெய்ய முடியும். வழக்கத்தைவிட நீளம் குறைந்த தோட்டாக்களில் இது நேர வாய்ப்பு அதிகம். ஒவ்வொன்றாகப் பின்சுவரோடு ஒட்டி நிரப்பும் பொறுமையே இதற்கு மருந்து. இன்னொரு குழப்பம் பெயரில் இருக்கிறது. .32 ரிவால்வர் தோட்டாவும் .32 பிஸ்டல் தோட்டாவும் வெவ்வேறு. தோட்டா வாங்கும்போது எந்தத் துப்பாக்கிக்கு என்று சொல்லி வாங்க வேண்டும்.

கடையில் பிஸ்டலைக் கையில் எடுக்கும் ஒருவர் முதலில் கேட்க வேண்டியது, இதனுடன் எத்தனை மேகசின், அவை ஆலையே தயாரித்தவையா என்பதைத்தான். இரண்டு இருப்பது நலம். ஒன்று கெட்டால் மற்றொன்று என்பதற்காக மட்டுமல்ல, கோளாறு எங்கே என்று கண்டறியவும் அது உதவும். இரண்டிலும் அடையாளம் இட்டுவைத்தால், சிக்கல் எப்போதும் ஒன்றிலேயே வருகிறதா என்று தெரிந்துவிடும். வெற்று மேகசினைச் செருகினால் ஆடாமல் பொருந்த வேண்டும். தட்டை விரலால் அழுத்தி விட்டால் தயங்காமல் மேலேற வேண்டும். இரு உதடுகளும் ஒத்த உயரத்தில் இருக்கின்றனவா, கூட்டின் இணைப்பில் விரிசல் உண்டா என வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மருந்தில்லாப் பயிற்சித் தோட்டாக்களை நிரப்பிக் கையால் இயக்கிக் காட்டும்படி விற்பனையாளரிடம் கேட்பதில் தவறில்லை.

பல லட்சம் கொடுத்து வாங்கிய ஐரோப்பியப் பிஸ்டலுடன் பெரும்பாலும் ஒரே ஒரு மேகசின்தான் வரும். அதற்கும் அரை நூற்றாண்டு வயதாகியிருக்கும். மாற்று கிடைக்காது. பட்டறையில் கொடுத்து ஒன்று செய்துகொள்ளலாம் என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார். அதைக் கேட்கக் கூடாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் உறுப்புகளையும் ஆயுதம் என்ற சொல்லுக்குள் சேர்த்தே வைத்திருக்கிறது. உரிமமின்றித் தயாரிப்பதற்கும் விற்பதற்கும் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டுச் சிறை. எளிமையான உள்நாட்டுப் பிஸ்டல் அழகில் பின்தங்கலாம். ஆனால் உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியே அதற்கு உதிரி கேட்க ஓர் ஆலை இருக்கிறது. சிக்கனமாக வாங்க நினைப்பவருக்கு என் பரிந்துரை அதுவே. மேகசினே வேண்டாம் என்போருக்கு உள்நாட்டு .32 ரிவால்வரும் இருக்கிறது. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மீண்டும் இழுத்தால் போதும் என்பதால், பழக்கம் குறைந்தவர்களுக்கு அது இன்னும் பொருத்தம்.

மயிலாப்பூரின் பழைய வீடுகளில் மூன்றாவது பாதையும் திறந்திருக்கும்: தாத்தாவின் துப்பாக்கி. உரிமதாரர் காலமானபின் அதைப் பீரோவிலேயே விட்டுவைப்பது குற்றம். காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு தம் பெயரில் உரிமம் கோரலாம். உரிமதாரர் 70 வயதை எட்டியிருந்தாலோ, 25 ஆண்டுகள் அதை வைத்திருந்தாலோ அவர் வாழும்போதே வாரிசுக்கு மாற்றக் கோரவும் 2016 ஆயுத விதிகள் இடம்தருகின்றன. விலையில்லாமல் வரும் பொருள்தான்; ஆனால் மேகசினைப் பார்த்துவிட்டு மகிழ்வது நல்லது. பெசன்ட் நகரிலும் சாந்தோமிலும் ஜன்னல் கம்பியைத் தின்னும் அதே உப்புக்காற்று, தோல் உறைக்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்த மேகசினின் உட்புறத்தையும் தின்றிருக்கும். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால் உறையிலேயே வைத்துப் பூட்டுவது நம் ஊருக்கு ஆகாது. எண்ணெயும் மெல்லிய பூச்சு போதும். மேகசினுக்குள் வழியவிட்டால் தூசி அப்பிக்கொள்ளும், தோட்டாவும் கெடும்.

மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நம்புவது இந்தத் துறையின் மிகக் கொடிய தவறு. குழலின் அடியில் உள்ள அறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கக்கூடும். மேகசின் இல்லாதபோது சுட முடியாதபடி அமைந்த பிஸ்டல்கள் உண்டு; எல்லாம் அப்படி இல்லை. மேகசினைக் கழற்றிய பின், மேற்பகுதியைப் பின்னிழுத்து அறையைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். ரிவால்வரில் உருளையைத் திறந்தால் எல்லாம் தெரிந்துவிடும். பிஸ்டலில் தெரியாது.

உரிமத்துக்கான வழியையும் சொல்லிவிடலாம். 21 வயது நிறைந்தவர், சென்னைப் பெருநகரக் காவல் எல்லைக்குள் வசித்தால், மாநகரக் காவல் ஆணையருக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆவடி, தாம்பரம் பகுதிகளுக்கு 2022 முதல் தனி ஆணையரகங்கள் உள்ளன. உள்ளூர்க் காவல் நிலைய விசாரணை, உடல், மனநலச் சான்று, பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி எல்லாம் அதில் அடங்கும். அச்சுறுத்தல் உண்மையானது என்று அதிகாரி ஏற்க வேண்டும். பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்தது என்பது மட்டும் போதாது. உரிமம் கிடைத்த பிறகே துப்பாக்கி. ஆனால் நம்மில் பலர் முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் விண்ணப்பத்தையே தேடுகிறோம். தேர்தல் அறிவிக்கப்பட்டால் ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்பு வரும். முடிவு வந்த பின்தான் திரும்பக் கிடைக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் முதியவர்களுக்கு அது பாதுகாப்பு தருமா? எனக்கு ஐயம் உண்டு. விதிப்படி துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும். அழைப்புமணி கேட்டு முன்கதவைத் திறந்த எழுபத்தைந்து வயதுக்காரருக்கு, படுக்கையறைப் பெட்டகத்தில் இருக்கும் பிஸ்டலால் என்ன பயன்? பூட்டாமல் வைத்தால், விடுமுறைக்கு வரும் பேரக் குழந்தை, வீட்டில் மனம் சோர்ந்திருக்கும் ஒருவர், நகைக்காகவே நுழைந்த திருடன் ஆகிய மூவருக்கும் அது எட்டும். கதவைத் திறக்கும் முன் ஆளைக் காட்டும் கேமராவும் இரும்புக் கதவும் சேர்ந்தாலும் ஒரு பிஸ்டலின் விலைக்குள் அடங்கிவிடும்.

சுடும் கலையில் உண்மையான ஆர்வம் உள்ளவர் என்றால் கதை வேறு. எழும்பூரில் சென்னை ரைபிள் கிளப் இருக்கிறது. .177 அங்குலக் குழலும் குறிப்பிட்ட அளவுக்கு உட்பட்ட ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமமே தேவையில்லை. ஒலிம்பிக்கில் 10 மீட்டர் போட்டிகள் அத்தகைய துப்பாக்கிகளில்தான் நடக்கின்றன. சில மாதங்கள் அதில் கை பழகியவருக்கு, .32 பிஸ்டல் தமக்கு வேண்டுமா என்ற கேள்விக்கு யாரிடமும் போய் விடை கேட்க வேண்டியிருக்காது.