கணினியில் படங்கள் தெரியவில்லையா? அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்!

தைப்பிங்: நினைவஞ்சலி விளம்பரத்திற்காக அப்பாவின் படத்தைத் தேடிக் கணினியைத் திறக்கிறீர்கள். போன தீபாவளி வரை முகம் முகமாகத் தெரிந்த கோப்புறையில் இப்போது ஒரு முகமும் இல்லை. எல்லாப் படங்களுக்கும் ஒரே மாதிரியான சின்னக் குறி. அதன் கீழே நீளநீளமான எண்கள். படங்கள் எல்லாம் போய்விட்டன என்று மனம் பதறும்.

பெரும்பாலும் படங்கள் எங்கும் போயிருக்காது. அவற்றைக் காட்டும் அமைப்பு மட்டுமே மாறியிருக்கும். இது தெரியாமல் "கெட்டுப்போன கோப்புகள்" என்று நினைத்து மொத்தமாக அழித்துவிட்டாலோ, கணினியை 'ஃபார்மட்' செய்துவிட்டாலோதான் உண்மையான இழப்பு நேரும்.

நம் வட்டாரத்தில் இந்த இழப்பு சிறியதல்ல. தீபகற்ப மலேசியாவில் அதிக மழை பெய்யும் ஊர்களில் தைப்பிங்கும் ஒன்று. இந்த ஈரத்தில் பழைய ஆல்பங்களில் பூஞ்சை படிகிறது. படங்கள் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிக்கொள்கின்றன. அதனால்தான் பல குடும்பங்கள் பழைய படங்களைக் கைத்தொலைபேசியில் எடுத்துக் கணினியில் சேர்த்து வைத்திருக்கின்றன. ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பல இடங்களில் லயங்கள் இடிக்கப்பட்டு, பால் மரங்கள் நின்ற இடத்தில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்துவிட்டன. தோட்டத்துக் கோயில் திருவிழாவும் தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியும் இன்று சிலரிடம் அந்தப் படங்களில் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன.

சிறுபடம் என்பது என்ன?

கோப்புறையைத் திறந்ததும் தெரியும் சின்ன முகங்களைத் 'தம்ப்நெயில்' என்கிறோம், தமிழில் சிறுபடம். அது உங்கள் படம் அல்ல. படத்தைப் பார்த்துக் கணினி தானாகச் செய்துகொள்ளும் சிறிய நகல். ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்தால் நேரமாகும் என்பதால், விண்டோஸ் அந்த நகல்களைத் தனியாக ஓரிடத்தில் சேமித்து வைக்கிறது. அந்தச் சேமிப்பு குழம்பினாலும், காட்ட வேண்டாம் என்று அமைப்பு மாறினாலும் முகங்கள் மறையும். மூலப்படம் அதே இடத்தில் பத்திரமாக இருக்கும். ஐயமிருந்தால் ஏதாவது ஒரு கோப்பை இருமுறை சொடுக்கிப் பாருங்கள். படம் திறந்தால் கவலை வேண்டாம். கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் செய்யுங்கள்.

1. பார்வை அளவு

மிகச் சாதாரணமான காரணம் இதுதான். கோப்புறையின் மேற்பகுதியில் 'வியூ' என்ற பொத்தான் இருக்கும். அதில் 'ஸ்மால் ஐகான்ஸ்', 'லிஸ்ட்', 'டீடெய்ல்ஸ்' ஆகிய மூன்றில் ஒன்று தேர்வாகியிருந்தால் முகங்கள் தெரியாது. 'மீடியம்', 'லார்ஜ்', 'எக்ஸ்ட்ரா லார்ஜ்' ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இன்னும் சுலபமான வழியும் உண்டு: விசைப்பலகையில் 'கன்ட்ரோல்' விசையை அழுத்திக்கொண்டே சுட்டியின் சக்கரத்தை மேல்நோக்கி உருட்டினால் படங்கள் படிப்படியாகப் பெரிதாகும்.

2. 'குறி மட்டும் காட்டு' என்ற கட்டளை

அளவை மாற்றியும் பயனில்லை என்றால் அடுத்தது இது. விண்டோஸ் 11-இல் கோப்புறையின் மேலே உள்ள மூன்று புள்ளிகளைச் சொடுக்கி 'ஆப்ஷன்ஸ்' செல்லுங்கள். விண்டோஸ் 10-இல் 'வியூ' பகுதியின் வலது ஓரத்தில் 'ஆப்ஷன்ஸ்' இருக்கும். திறக்கும் சிறு சாளரத்தில் மீண்டும் 'வியூ' என்ற தாளைத் தேர்ந்தெடுத்தால் ஒரு நீண்ட பட்டியல் வரும். அதில் 'ஆல்வேஸ் ஷோ ஐகான்ஸ், நெவர் தம்ப்நெயில்ஸ்' என்ற வரியைத் தேடுங்கள். எப்போதும் குறியை மட்டும் காட்டு, சிறுபடத்தைக் காட்டாதே என்பது அதன் பொருள். அதன் பக்கத்தில் சரிக்குறி இருந்தால் எடுத்துவிட்டு, 'அப்ளை', பிறகு 'ஓகே' கொடுங்கள்.

3. வேகத்திற்காக அணைக்கப்பட்டிருக்கலாம்

பழைய கணினி மெதுவாக இயங்குகிறது என்று பழுது பார்க்கக் கொடுத்திருந்தீர்களா? திரும்பி வந்த பிறகுதான் முகங்கள் மறைந்தனவா? கணினியை வேகப்படுத்த விண்டோஸில் 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்ற தேர்வு உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் அலங்காரங்களோடு சேர்த்துச் சிறுபடங்களும் நிறுத்தப்படும்.

'ஸ்டார்ட்' தேடல் பெட்டியில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்று தட்டச்சு செய்தால் 'அட்ஜஸ்ட் தி அப்பியரன்ஸ் அண்ட் பெர்ஃபார்மன்ஸ் ஆஃப் விண்டோஸ்' என்ற வரி வரும். அதைத் திறந்து, பட்டியலில் 'ஷோ தம்ப்நெயில்ஸ் இன்ஸ்டெட் ஆஃப் ஐகான்ஸ்' என்பதற்கு மட்டும் சரிக்குறி இடுங்கள். மற்றவற்றை அப்படியே விடலாம். கணினியின் வேகமும் கெடாது, முகங்களும் திரும்பிவிடும்.

4. பழைய நகல்களைத் துடைத்தல்: கவனம் தேவை

சில முகங்கள் தெரிந்து சில தெரியாமலிருந்தால், அல்லது ஒரு படத்தின் மேல் வேறு படத்தின் முகம் தெரிந்தால், சேமித்து வைத்த நகல்கள் குழம்பியிருக்கின்றன என்று பொருள். 'டிஸ்க் கிளீனப்' திறந்து, சி டிரைவைத் தேர்ந்தெடுத்து, 'தம்ப்நெயில்ஸ்' என்பதற்கு மட்டும் சரிக்குறி இட்டுத் துடைத்துவிடலாம். அடுத்த முறை கோப்புறையைத் திறக்கும்போது விண்டோஸ் நகல்களைப் புதிதாகச் செய்துகொள்ளும். மூலப்படங்களுக்கு ஒன்றும் ஆகாது.

ஆனால் பட்டியலில் உள்ள எல்லாவற்றுக்கும் சரிக்குறி இட்டுவிடாதீர்கள். 'செட்டிங்ஸ்' வழியாகச் செல்லும் 'டெம்பரரி ஃபைல்ஸ்' பக்கத்தில் 'டவுன்லோட்ஸ்' என்ற கோப்புறையும் அதே பட்டியலில் இருக்கும். கணினி வழியாகப் புலனம் பயன்படுத்துவோருக்கு உறவினர்கள் அனுப்பிய படங்கள் பெரும்பாலும் அங்கேதான் சேர்ந்திருக்கும். அதையும் சேர்த்துத் துடைத்தால் போவது நகல் அல்ல, படமே போய்விடும்.

5. ஐபோனில் எடுத்த படங்கள்

ஐபோன்கள் 2017 முதல் படங்களை 'ஹெய்க்' என்ற வகையில் சேமிக்கின்றன. சில விண்டோஸ் கணினிகளுக்கு அந்த வகை புரியாது. அதனால் முகமும் தெரியாது, படமும் திறக்காது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் 'ஹெய்ஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்ற இலவச இணைப்பை நிறுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இனி எடுக்கும் படங்களுக்கு, ஐபோனில் 'செட்டிங்ஸ்', 'கேமரா', 'ஃபார்மட்ஸ்' என்று சென்று 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

எப்போது உண்மையிலேயே கவலைப்பட வேண்டும்?

பார்வையை 'டீடெய்ல்ஸ்' என மாற்றி, 'சைஸ்' என்ற பத்தியைப் பாருங்கள். ஒரு படத்தின் அளவு 0 கேபி என்று இருந்தால் அதில் ஒன்றுமில்லை. அளவு சரியாக இருந்தும் எந்தச் செயலியிலும் திறக்கவில்லை என்றால் கோப்பு சேதமாகியிருக்கலாம். பென் டிரைவைச் செருகியதும் ஃபார்மட் செய்யச் சொல்லிக் கணினி கேட்டால் 'கேன்சல்' கொடுங்கள். அதில் புதிதாக எதையும் சேமிக்காமல், கோப்புகளை மீட்கத் தெரிந்தவரிடம் எடுத்துச் செல்லுங்கள். புதிதாக ஒன்றை எழுத எழுத, பழையதை மீட்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திவிட்டதால், பலர் புதிய கணினிக்கு மாறுகிறார்கள். பழையதைக் கடையில் கொடுக்கும் முன், புதியதில் முகங்கள் தெரிகின்றனவா, படங்கள் திறக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். வேறொரு வட்டிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

சிறுபடத்தை அச்சுக்கு அனுப்ப வேண்டாம்

திரையில் தெளிவாகத் தெரிகிறதே என்று சிலர் சிறுபடத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து அச்சுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நல்ல அச்சுக்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் தேவை என்பது பொதுவான கணக்கு. 256 புள்ளி அகலமுள்ள ஒரு சிறுபடம் தாளில் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் வரைதான் தெளிவாக இருக்கும். 5 சென்டிமீட்டர் அகலத்தில் முகம் வர வேண்டுமானால் சுமார் 600 புள்ளிகள் வேண்டும். ஆகவே மூலக்கோப்பையே அனுப்புங்கள். புலனத்தில் அனுப்பும்போது 'டாக்குமென்ட்' வழியாக அனுப்பினால் படம் சுருங்காது.

பெரியவர்கள் முன் திறந்து வையுங்கள்

முகங்கள் திரும்ப வந்த பிறகு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. தமிழ்நாட்டுப் புகைப்பட நிலையங்களிலும் குடும்பங்களிலும் இருந்த பழைய படங்களைப் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் கீழ், கணினிப் பிரதிகளாக மாற்றியிருக்கிறது. ஆவணக் காப்பகங்களில் படத்தோடு யார், எங்கே, எப்போது என்ற குறிப்பும் சேர்த்து வைக்கப்படும். நம் வீட்டுப் படங்களுக்கு அந்தக் குறிப்பை எழுத வீட்டுப் பெரியவர்களை விட்டால் வேறு யாரும் இல்லை.

கமுண்டிங்கிலோ, சிம்பாங்கிலோ, துரோங்கிலோ இருக்கும் தாத்தா பாட்டியைப் பார்க்கப் போகும்போது மடிக்கணினியைக் கொண்டு செல்லுங்கள். 'எக்ஸ்ட்ரா லார்ஜ்' அளவில் படங்களை வைத்து, "இது யாரு பாட்டி? இது எந்தத் தோட்டம்?" என்று கேளுங்கள். பதில் வந்ததும் கோப்பின் மேல் சொடுக்கி 'எஃப்2' விசையை அழுத்தி, அங்கேயே பெயரை மாற்றுங்கள். தமிழிலேயே தட்டச்சு செய்யலாம், விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். ஆண்டு, இடம், பெயர் என்ற வரிசையில் எழுதினால் தேடுவது எளிது. ஆண்டு சரியாக நினைவில்லை என்றால், "பெரிய மாமா கல்யாணத்துக்கு முன்னால்" என்று பாட்டி சொன்னபடியே எழுதி வையுங்கள்.