பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் நடுங்குதா? டிஸ்க்கை மாற்றும் முன் இதைப் பாருங்க!

80 கி.மீ. வேகத்தில் கார் வழுக்கிக்கொண்டு போகும். பிரேக்கில் கால் வைத்ததும் ஸ்டீயரிங் தடதடவென நடுங்கும். கார் வைத்திருக்கும் பலருக்கும் தெரிந்த பிரச்னைதான் இது.

சென்னையில் இதற்கு வழி கேட்க வேண்டியதில்லை. கூவத்துக்கு இந்தப் பக்கம் சிந்தாதிரிப்பேட்டை, அந்தப் பக்கம் புதுப்பேட்டை, கொஞ்சம் தள்ளி ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. புதுசோ பழசோ, உதிரிபாகங்களுக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமே இல்லை.

ஆனால், "டிஸ்க் வளைஞ்சிடுச்சு, மாத்திடலாம்" என்று புது டிஸ்க் போட்ட பிறகும், சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே நடுக்கம் திரும்பி வருவது உண்டு. ஏன்? பொருள் மாறியது, காரணம் மாறவில்லை. விரிவாகப் பார்க்கலாம்.

நடுக்கம் எங்கே தெரிகிறது?

• பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் ஆடினால், பெரும்பாலும் முன் சக்கர டிஸ்க்கில் கோளாறு.

• ஸ்டீயரிங் சும்மா இருக்க, சீட்டும் தரையும் அதிர்ந்தால், பின் சக்கர டிரம் அல்லது டிஸ்க்கைப் பார்க்க வேண்டும்.

• பிரேக்கைத் தொடாமலே நடுங்கினால், முதலில் வீல் பேலன்சிங், டயர் இரண்டையும் பாருங்க.

• சடன் பிரேக் போடும்போது மட்டும் பெடல் காலுக்கடியில் துடித்தால், அது ஏபிஎஸ் வேலை செய்வதன் அறிகுறி. பயந்து காலை எடுக்கக் கூடாது, அழுத்தியே பிடிக்கணும். இந்தியாவில் புதிய கார்கள் அனைத்துக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம்.

டிஸ்க் நிஜமாகவே வளைகிறதா?

பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது; அவ்வளவு சுலபத்தில் வளையாது. பெரும்பாலும் நடப்பது வேறு: டிஸ்க்கின் தடிமன் ஓர் இடத்தில் கூடுதலாகவும் இன்னோர் இடத்தில் குறைவாகவும் ஆகிவிடுகிறது. 0.02 மி.மீ. வித்தியாசமே நடுக்கத்துக்குப் போதும். அது தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை!

சின்ன கார் ஒன்றின் சக்கரம் 80 கி.மீ. வேகத்தில் நொடிக்கு சுமார் 12 முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் மேடு வரும்போது பிரேக் இறுகும், பள்ளம் வரும்போது தளரும். அதுதான் கையில் நடுக்கமாகத் தெரிகிறது.

இந்த மேடு பள்ளம் எப்படி வருகிறது?

டிஸ்க் உட்காரும் இடத்துக்கு ஹப் என்று பெயர். மழை, தேங்கிய தண்ணீர், கடல் காற்று எல்லாம் சேர்ந்து சென்னையில் ஹப் சீக்கிரம் துருப்பிடிக்கும். அந்தத் துருவைச் சுரண்டாமல் புது டிஸ்க்கை மாட்டினால், அது லேசாகச் சாய்ந்து உட்காரும். முதலில் ஒன்றும் தெரியாது. ஆனால் சாய்ந்த பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் பேடில் உரசி உரசித் தேயும். சில ஆயிரம் கி.மீ. கழித்து பழைய கதைதான்.

வீல் நட்டுகளை ஏர் கன்னில் தாறுமாறாக முறுக்குவது, காலிப்பர் பின்கள் இறுகிப் போவது ஆகியவையும் இதே வேலையைச் செய்யும்.

இன்னொரு காரணம் சூடு. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையிலிருந்து பிரேக்கை மிதித்தபடியே இறங்கி, அடிவாரத்தில் நிறுத்திய பிறகும் பெடலை அழுத்தியே வைத்திருந்தால், சூடான பேடின் பொருள் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும். மலையில் இறங்கும்போது சின்ன கியரில் இறங்குவதே நல்லது.

மெக்கானிக்கிடம் என்ன கேட்கணும்?

1. டயல் கேஜ் வைத்து டிஸ்க் ஆட்டத்தையும், மைக்ரோமீட்டரால் சுற்றிலும் ஆறு, எட்டு இடங்களில் தடிமனையும் அளக்கச் சொல்லுங்க.

2. தடிமன் போதுமான அளவு இருந்தால் லேத்தில் ஸ்கிம்மிங் செய்தே சரிசெய்யலாம். பெரும்பாலான டிஸ்க்குகளில் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். கடைந்த பிறகு அதற்குக் கீழே போகும் என்றால், புதுசுதான் ஒரே வழி.

3. மாற்றும்போது இடது, வலது இரண்டையும் ஜோடியாக மாற்றணும். பேடும் புதுசாக இருப்பது நல்லது.

4. ஹப்பைச் சுத்தம் செய்ததைக் கண்ணால் பாருங்க. நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து, குறுக்கு வாக்கில், கார் மேனுவலில் உள்ள அளவுக்கு முறுக்கணும்.

பழைய டிஸ்க் வாங்கலாமா?

கதவு, கண்ணாடி, பம்பர் பழசாக வாங்கினால் பெரிய ஆபத்து இல்லை. பிரேக் அப்படியில்லை. எத்தனை முறை கடைந்தது, எவ்வளவு சூடு கண்டது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. டிஸ்க், பேட் இரண்டையும் புதுசாகவே வாங்குங்க.

மாட்டிய பிறகு, போக்குவரத்து இல்லாத சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை மிதமாக பிரேக் பிடித்து, எட்டு முதல் பத்து முறை வேகத்தைக் குறையுங்க. நடுவில் முழுசாக நிறுத்தக் கூடாது. அப்போதுதான் பேடும் டிஸ்க்கும் சீராகப் படியும்.

உடனே நிறுத்த வேண்டியது எப்போது?

நடுக்கத்தோடு கார் ஒரு பக்கமாக இழுத்தாலோ, பெடல் ஆழமாக இறங்கினாலோ, இரும்பு உரசும் சத்தம் தொடர்ந்து கேட்டாலோ, 'அடுத்த சர்வீஸில் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடாதீங்க. காரை ஓட்டிக்கொண்டு போகாமல், மெக்கானிக்கை வரவழைப்பதே பாதுகாப்பு.