பென்னிகுயிக்குக்கு முன்பே மலையை அளந்தவர்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் பென்னிகுயிக் படமும் மாட்டியிருக்கும். அதற்கு அவர் முழுத் தகுதி உடையவர்தான். ஆனால் அவருக்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் முன்பே, மலை ஏறித் தண்ணீருக்கு வழி தேடியவர்களைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை.

சிவகிரி மலையில் பிறக்கும் பெரியாறு வடமேற்காகத் திரும்பி அரபிக் கடலுக்குப் போகிறது. நடுவில் ஒரு மலைமுகடு. அதற்கு இந்தப் பக்கம் வைகை. மழை பொய்த்தால் மதுரையில் வெறும் மணல். அந்த முகட்டைத் தாண்டித் தண்ணீரைக் கொண்டுவர முடியுமா?

1798-ல் ராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளை விவரமான 12 பேரை மலைக்கு அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். காசு இல்லாததால் திட்டம் அப்படியே நின்றது.

1808-ல் வந்தவர் கால்டுவெல். (ஒப்பிலக்கணம் எழுதிய பாதிரியார் அல்ல, இவர் ராணுவப் பொறியாளர்.) காட்டுக்குள் மட்டம் பார்த்துவிட்டு, முகட்டை நூறு அடிக்கும் கூடுதலான ஆழத்துக்கு வெட்ட வேண்டியிருக்கும், இது வெறும் கனவு என்று எழுதிவிட்டுப் போனார். அந்த ஒரு அறிக்கை பல பத்தாண்டுகளுக்குத் திட்டத்தை முடக்கிப் போட்டது.

அவர் அளவில் தப்பு இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆறு ஓடும் மட்டத்திலேயே அதைத் திருப்பப் பார்த்தார், அவ்வளவுதான். 1867-ல் மேஜர் ரைவ்ஸ் கணக்கைத் தலைகீழாகப் போட்டார்: மலையை அத்தனை ஆழம் வெட்டுவானேன்? அணை கட்டித் தண்ணீரை மேலே ஏற்றினால் போதுமே! அவர் நினைத்தது மண் அணை. தாது வருடப் பஞ்சம் வந்து மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்த பிறகுதான் அரசுக்கு அவசரம் புரிந்தது. பென்னிகுயிக் கல் அணையாகத் திட்டத்தை மாற்றினார். 1887-ல் வேலை தொடங்கியது. காட்டாற்று வெள்ளம், யானை, மலேரியா எல்லாவற்றையும் தாண்டி 1895-ல் தண்ணீர் திறந்தார்கள். முகட்டைக் குடைந்த சுரங்கத்தின் நீளம் ஒரு மைலுக்குச் சற்றே அதிகம். அதன் வழியாக வைரவனாற்றில் விழும் நீர், சுருளியாற்றில் சேர்ந்து வைகைக்கு வருகிறது.

முல்லைப் பெரியாறு நீர்மட்டம் 142 அடியைத் தொட்டதா என்றுதான் செய்திகளில் பார்ப்போம். மேலூர் விவசாயிக்கு இன்னோர் எண்ணும் முக்கியம்: 104. அதற்குக் கீழே இறங்கினால், மலைக்கு அந்தப் பக்கம் எவ்வளவு தண்ணீர் கிடந்தாலும் இந்தப் பக்கம் ஒரு சொட்டும் வராது.