சகிரிச்சோறும் வாத்துக்குஞ்சும்
திருவனந்தபுரத்துக்கு மழை இரண்டு தவணையாக வருகிறது, ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. இடைப்பட்ட மாதங்களிலும் கடற்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டே இருக்கும். இந்த ஊரில் குட்டநாட்டு வாத்து இனங்களான சாராவிலோ செம்பல்லியிலோ பத்துக் குஞ்சு வாங்கிக் கொல்லையில் வளர்க்க நினைப்பவர் தீவனத்தைப் பற்றித்தான் முதலில் விசாரிப்பார். தரையைப் பற்றி விசாரிப்பதே முறை. வாத்து எச்சத்தில் பத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர். போதாததற்கு, அலகை முழுக்க முக்கி மூக்குத் துளையை அலசிக்கொண்டு சுற்றிலும் தெறித்துத்தான் அது குடிக்கும். தரையில் பரப்பும் விரிப்பு கோழிக்குஞ்சுக்கு ஒரு வாரம் தாங்கும் என்றால் இதற்கு இரண்டு நாள்கூடத் தாங்குவதில்லை. ஆகவே, எந்த விரிப்பு அதிக ஈரத்தைக் குடிக்கும் என்பதைவிட, எது குடித்த ஈரத்தை விட்டுக் காயும் என்பதே இங்கே கேள்வி.

நீரில் வாழும் பறவைக்கு ஈரம் என்ன செய்யும் என்று கேட்கலாம். குளத்துக் குஞ்சு நனைந்தால் தாயின் சிறகுக்கடியில் புகுந்து காய்ந்துகொள்ளும். பொரிப்பகக் குஞ்சுக்குத் தாய் இல்லை, விளக்குதான் உண்டு. முதல் வாரம் அதற்கு 30 டிகிரியை ஒட்டிய சூடு தேவை. நனைந்த விரிப்பில் படுத்தால் அந்தச் சூடு வயிற்றின் வழியே தரைக்குப் போய்விடும். ஈரத்தில் கிளம்பும் அம்மோனியா கண்ணை எரிக்கும். பூஞ்சணத் தூள் மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் வேர்பிடிக்கும். சிந்திய தீவனம் அந்த ஈரத்தில் பூத்தாலோ அஃப்ளாடாக்சின். 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் மடிந்தபோது கண்டறியப்பட்ட இந்த நஞ்சைச் சோதித்தறியப் பிற்பாடு பிறந்து ஒரு நாளே ஆன வாத்துக்குஞ்சையே பயன்படுத்தினார்கள். அவ்வளவு சீக்கிரம் அதற்குப் பலியாகும் உயிர் அது.

கயிறு திரிக்கும் நாட்டில் கைக்கெட்டிய பொருள் சகிரிச்சோறு, அதாவது தென்னைநார்க் கழிவு. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை அது உறிஞ்சும் என்பதையே அதன் பெருமையாகச் சொல்வார்கள். தொட்டிச் செடிக்கு அது பெருமைதான். ஆனால் உறிஞ்சிய நீரை மழைக்காலத்தில் அது விடாது; மேலே காய்ந்தாற்போலத் தெரியும், விரலை நுழைத்தால் சதசதக்கும். காய்ந்தால் தூசு. மரத்தூளைக் குஞ்சு தீவனமென்று கொத்தி விழுங்கும். மருந்தடித்த பலகையின் தூளென்றால் விஷமும் சேரும். செய்தித்தாள் சும்மா கிடைக்கிறதே என்பார்கள். அதன் வழவழப்பில் கால் இரு பக்கமும் விலகிப்போன குஞ்சு பிறகு நேராக நிற்பது அரிது. மிஞ்சுவது தச்சுப்பட்டறையின் பெரிய இழைப்புச் சுருளும் நெல் உமியும்தான். சுருள் ஈரத்தையும் வாங்கும், காற்றையும் விடும். உமி குறைவாகவே உறிஞ்சினாலும் கிளறிவிட்டால் விரைவில் காயும். ஏதானாலும் இரண்டு மூன்று அங்குலம் பரப்பி, முதல் மூன்று நாள் மேலே நூல் பிரியாத சணல் சாக்கை இழுத்துக் கட்டினால் கொத்தலும் வழுக்கலும் இராது.

இத்தனை முறை மாற்றினால் கட்டுப்படியாகுமா என்ற கேள்வி நியாயமானது. செலவைக் குறைக்கும் வழி தண்ணீர்ச் சட்டி இருக்கும் இடத்தில் இருக்கிறது. சட்டியைக் கம்பிவலைத் தட்டின் மேல் வைத்து, கீழே ஒரு தாம்பாளம் வைத்துவிட்டால் சிந்துவதில் பெரும்பங்கு விரிப்புக்கே வராது. அப்புறம் நனைந்த மூலையை மட்டும் தினம் அள்ளிப் புதிதாகப் போட்டால் போதும். அள்ளியது தென்னை மூட்டுக்கு உரம். ஒரு கூட்டத்துக்குப் போட்டதை வெயிலில் உலர்த்தி அடுத்த கூட்டத்துக்குப் போடும் சிக்கனம் மட்டும் வேண்டாம்; பழைய விரிப்போடு நோயும் வந்து சேரலாம். 2014 நவம்பரில் குட்டநாட்டு வாத்துகளிடையே பறவைக்காய்ச்சல் பரவியதைப் பார்த்த மாநிலம் இது.