பழைய ஸ்போர்ட்ஸ் காரில் கிளட்ச் திடீரென்று போவது எதனால்?

1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் மஸ்தா நிறுவனம் எம்எக்ஸ்-5 என்ற சின்னஞ்சிறு காரை அறிமுகப்படுத்தியது. இரண்டே இருக்கை, மடக்கக்கூடிய கூரை, ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த எடை, 1.6 லிட்டர் எஞ்சின். 1997 வரை வந்த முதல் தலைமுறையில் மட்டும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் உருவாயின. அவற்றில் கடைசியாக வந்ததற்கே இன்று கால் நூற்றாண்டைத் தாண்டிய வயது. இந்தக் கார்களை வைத்திருப்பவர்களில் பலர் ஒருநாள் சந்திக்கிற சிக்கல் இது: நேற்றுவரை ஒழுங்காக இருந்த கிளட்ச் பெடல், மிதித்ததும் எந்த எதிர்ப்பும் இல்லாமல் தரையோடு போய் ஒட்டிக்கொள்கிறது. எஞ்சின் ஓடுகிறது, கியர் விழ மறுக்கிறது. கிளட்ச் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்கி மொத்த செட்டையும் மாற்ற வேண்டியதுதான் என்று உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு பெரும்பாலும் தவறு. ஒரேநாளில் போனது என்பதே, போனது கிளட்ச் பிளேட்டாக இருக்காது என்பதற்கு முதல் சாட்சி.

கிளட்ச் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் காரணம் புரியும். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஃபிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் இறுகப் பிடிபட்டிருக்கிறது. டயாஃபிரம் ஸ்பிரிங் தரும் அழுத்தம்தான் அந்தப் பிடி. நாம் பெடலை மிதிப்பது பிடிப்பதற்காக அல்ல, விடுவிப்பதற்காக. பெடல் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. அங்கிருந்து பிரேக் ஆயில் குழாய் வழியாகப் போய் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனை நகர்த்துகிறது. அது ஃபோர்க்கைத் தள்ள, ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைத் தள்ள, பேரிங் ஸ்பிரிங்கை அமுக்க, பிடி தளர்கிறது. ஆக, இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன: ஒன்று பிடிப்பது, மற்றது விடுவிப்பது. கிளட்ச் பிளேட் தேய்ந்தால் கெடுவது பிடிப்பு. மேட்டில் மேல் கியரில் ஏறும்போது எஞ்சின் உறுமல் கூடும், வேகம் கூடாது. தேய்மானம் மெல்ல மெல்ல நடப்பதால் இது பல வாரங்கள், சில சமயம் பல மாதங்கள் முன்னறிவிப்பு கொடுத்துத்தான் வரும். பெடல் தரையில் படுத்துக்கொள்வதோ விடுவிப்பு கெட்டதன் அடையாளம். விடுவிக்கும் வேலையில் மிக பலவீனமான உறுப்பு, இரண்டு சிலிண்டர்களுக்குள்ளும் இருக்கும் விரலளவு ரப்பர் சீல்.

அந்த சீல் கிலோமீட்டரைக் கணக்கில் கொள்வதில்லை, வயதைத்தான் கொள்கிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 4 வகை ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் கொதிநிலை வேண்டும் என்றும், 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் 155 டிகிரியாவது இருக்க வேண்டும் என்றும் தரவிதி சொல்கிறது. நீர் சேரத்தான் போகிறது என்பதை விதியே ஒப்புக்கொள்கிறது. கொதிநிலை குறைவது பிரேக்குக்குப் பெரிய ஆபத்து, கிளட்சுக்கு அவ்வளவு இல்லை. கிளட்சுக்கு வினை, அந்த நீர் சிலிண்டரின் உட்சுவரை அரிப்பதுதான். சீலின் விளிம்பு தினமும் உராய்ந்து போகும் பகுதி பளபளப்பாக இருக்கும். அது எட்டாத பகுதியில் நுண்ணிய குழிகள் விழும். ஒருநாள் பெடல் வழக்கத்தைவிடச் சற்று ஆழமாகப் போனால், அந்தச் சொரசொரப்பின்மேல் ஏறி இறங்கும் விளிம்பு கீறிக்கொள்கிறது. வயதான ரப்பர் வேறு இறுகிப் போயிருக்கும், கீறல் எளிதில் பெரிதாகும். ஆயில் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தாலே கதை தெரியும். வெளிறிய பொன்னிறத்தில் இருக்க வேண்டிய திரவம் கரிய நிறத்தில், அடியில் மசிபோன்ற படிவோடு நின்றால், அதில் பெரும்பங்கு தேய்ந்து கரைந்த சீல்.

ஊகத்தை நம்பவேண்டிய அவசியமே இல்லை என்பது இந்த வாதத்தின் பலம். எம்எக்ஸ்-5இல் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸின் பக்கவாட்டில், வெளியே, இரண்டு போல்ட்டுகளில் மாட்டியிருக்கிறது. அதன் முனையில் இருக்கும் ரப்பர் உறையை லேசாக விலக்கினால் உள்ளே ஆயில் ஈரம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஈரம் இருந்தால் ஸ்லேவ் ஒழுகுகிறது. பெடலுக்குப் பின்னால், காரின் உட்புறத் தகட்டில் வழிசல் தெரிந்தால் மாஸ்டர். எங்கும் ஒழுகாமல், தொட்டியில் அளவும் குறையாமல், மிதித்துப் பிடித்த பெடல் மட்டும் மெல்லத் தாழ்ந்துகொண்டே போனால், மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ஆயில் சீலைத் தாண்டிப் பின்னால் நழுவுகிறது. சிக்னலில் பெடலை மிதித்தபடி நிற்கையில் கார் இம்மி இம்மியாக முன்னே ஊர்வதும், ரிவர்ஸ் கியர் கரகரப்பதும் இதே நோயின் முன் அறிகுறிகள். கடைசியாக ஒரு சோதனை: ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் ஸ்லேவின் கம்பி ஃபோர்க்கை எவ்வளவு தள்ளுகிறது என்று பார்க்கவேண்டும். கம்பி முழுதாக நகர்ந்தும் கிளட்ச் விடவில்லை என்றால்தான் கோளாறு உள்ளே. அப்போது மட்டுமே கியர்பாக்ஸை இறக்குவதில் நியாயம் உண்டு.

உள்ளேயும் திடீரென்று உடையும் பாகங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. 1982 முதல் 1991 வரை வந்த போர்ஷே 944 அதற்குப் பேர்போன சாட்சி. அதன் கிளட்ச் பிளேட்டின் நடுவில், அதிர்வைத் தாங்க உலோகச் சுருள்களுக்குப் பதில் ரப்பரை வைத்தார்கள். வயதானதும் அந்த ரப்பர் விரிசல் விட்டுக் கிழிகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் அடியிலிருந்து தட்டும் சத்தம் எழும். கியர்பாக்ஸ் பின்சக்கரங்களின் பக்கம் இருப்பதால், கிளட்சை எட்டுவதற்கே சைலன்ஸர், கியர்பாக்ஸ், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் நீண்ட குழாய் எல்லாவற்றையும் கழற்றி நகர்த்தவேண்டும். என் வாதத்துக்கு எதிராக வைக்கத்தக்க மிக வலுவான உதாரணம் இதுதான். ஆனால் அங்கேயும் முதலில் தோற்றது ரப்பர். உராயும் பரப்பில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும் பிளேட்டும் நடுப்பகுதி கிழிந்து பயனற்றுப் போகிறது. இன்னொரு விதிவிலக்கு, நெடுநாள் ஓட்டாமல் ஈரமான கொட்டகையில் கிடந்த கார். அதில் கிளட்ச் பிளேட் துருப்பிடித்து ஃபிளைவீலோடு ஒட்டிவிடும். பெடலில் எதிர்ப்பு இயல்பாக இருக்கும், ஃபோர்க்கும் முழுதாக நகரும், கியர் மட்டும் விழாது. மேலே சொன்ன சோதனை இதையும் பிரித்துக் காட்டிவிடும்.

எப்படியும் பழைய கார்தானே, கையோடு கிளட்ச் செட்டையும் மாற்றிவிட்டால் என்ன என்பது அடுத்த கேள்வி. விடை காரைப் பொறுத்தது. 1997 முதல் 2004 வரை வந்த ஐந்தாம் தலைமுறை கார்வெட்டில் ஸ்லேவ் சிலிண்டர் கிளட்ச் கூட்டுக்குள்ளேயே, கியர்பாக்ஸுக்குப் போகும் தண்டைச் சுற்றி அமைந்திருக்கிறது. அது ஒழுகினால் அத்தனையையும் இறக்கித்தான் தீரவேண்டும். அந்த உழைப்புக்குப் பிறகு பாதி தேய்ந்த பிளேட்டைத் திரும்ப மாட்டுவது வீண். எம்எக்ஸ்-5இல் இந்தக் கணக்குப் பொருந்தாது. வெளியே இருக்கும் சிலிண்டரை மாற்றும் வேலைக்கும் கியர்பாக்ஸை இறக்கும் வேலைக்கும் பொதுவான உழைப்பு கிட்டத்தட்ட எதுவுமில்லை. நன்றாகப் பிடிக்கிற பிளேட்டை எடுத்து வீசுவதால் உரிமையாளருக்கு எந்த லாபமும் கிடையாது.

நடுச்சாலையில் நின்றுவிட்டால், அபாய விளக்கைப் போட்டுவிட்டு பெடலை வேகமாகப் பத்துப் பதினைந்து தடவை மிதித்துப் பார்க்கலாம். தொட்டியில் ஆயில் மிச்சமிருந்தால் ஒரு கியர் மாற்றும் அளவுக்கேனும் அழுத்தம் திரும்பக்கூடும். அதுவும் இல்லையென்றால், எஞ்சினை அணைத்து முதல் கியரில் போட்டு, முன்னால் இடம் காலியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டர் மோட்டாரே காரை இழுத்துக் கொண்டுபோய் ஓரத்தில் விடும். பெடல் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் கார்களிலும் இது நடக்கும். அங்குள்ள சுவிட்சுக்குப் பெடலின் அசைவுதான் தெரியும், கிளட்ச் விட்டதா இல்லையா என்பது தெரியாது. எஞ்சின் வேகத்தைப் பொருத்திப் பொருத்தி கிளட்ச் இல்லாமலே கியர் மாற்றி வீடுவரை வந்தவர்கள் உண்டு. ஆளரவமற்ற சாலையில் அது முடியலாம். நெரிசலில், ஒவ்வொரு நிறுத்தத்திலும் எஞ்சினை அணைத்து, தாவிக் கிளம்பும் காரை மனிதர்கள் குறுக்கே வரும் தெருவில் ஓட்டுவதை நான் ஒருபோதும் சரி என்று சொல்லமாட்டேன். இழுவை வண்டிக்குக் காத்திருக்கலாம்.

பழுது பார்க்கையில் பலர் போனதை மட்டும் மாற்றுகிறார்கள். புதிய ஸ்லேவ் காற்றுக் கசிவில்லாமல் முழு அழுத்தத்தைத் தாங்கும். பெடலின் பழைய தளர்ச்சி மறைந்து, மாஸ்டரின் பிஸ்டன் போகும் தூரம் மாறும். சீல் இதுவரை தொடாத குழிவிழுந்த பகுதியில் ஓடத்தொடங்கினால், சில வாரங்களில் மாஸ்டரும் போகும். இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை, ஒரே ஆயிலில் ஊறியவை. ஆகவே இரண்டு சிலிண்டரையும், இடையில் இருக்கும் ரப்பர் ஹோஸையும் சேர்த்தே மாற்றுவதுதான் சிக்கனம். காற்றை முழுதாக வெளியேற்றி, குறிப்பிட்ட வகை ஆயிலையே ஊற்றவேண்டும். தவறி எஞ்சின் ஆயிலோ வேறு கனிம எண்ணெயோ பட்டால் புது சீலும் ஊதிப்போகும். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும் என்பதால் சிந்தியதை உடனே தண்ணீர்விட்டுக் கழுவவேண்டும். அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக்குக்கு ஆயில் மாற்றும்போது கிளட்ச் தொட்டியையும் நினைவில் கொண்டால் போதும். எம்எக்ஸ்-5இல் அது தனித் தொட்டி என்பதாலேயே பல பணிமனைகளில் அதை யாரும் திறப்பதில்லை.