பழைய லேத்தை எங்கே தொட்டுப் பார்ப்பது?

பழைய மரக் கடைசல் லேத் விலைக்கு வந்தால், விற்பவர் புதுப் பெயின்ட்டைக் காட்டுவார். வாங்குபவர் பெட்டில் (லேத்தின் நீண்ட அடித்தளத்தில்) படிந்த துருவைப் பார்த்து முகம் சுளிப்பார். துருவை விட்டுவிடலாம். இரும்பு கடையும் லேத்தில் வெட்டும் டூல் பெட்டின் மேலேயே ஊர்ந்து போகிறது. பெட் தேய்ந்தால் வேலையும் கோணும். மரக் கடைசலில் உளி நம் கையில் இருக்கிறது. உளியைச் சாய்த்துப் பிடிக்கும் டூல் ரெஸ்ட்டையும் மரத்தின் மறுமுனையைப் பிடிக்கும் டெயில்ஸ்டாக்கையும் தாங்குவதுதான் பெட்டின் வேலை. மேல்துருவுக்கு எமரித் தாள் போதும்.

பார்க்க வேண்டியது ஹெட்ஸ்டாக்குக்குள் ஓடி மரத்தைச் சுழற்றும் ஸ்பிண்டிலையும் அதன் இரண்டு பேரிங்குகளையும். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டால் புரியும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரக் கிண்ணம் நிமிடத்துக்கு 1000 சுற்று ஓடினால், அதன் விளிம்பு மணிக்கு 56 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. அந்த விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் 100 கிராம் கனம் கூடிவிட்டால் (மரத்தில் கணு இருந்தால் இப்படி ஒரு பக்கம் கனக்கும்) அது ஸ்பிண்டிலை ஏறக்குறைய 17 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கும். அந்த இழுப்பும் நொடிக்கு 16 முறைக்கு மேல் சுற்றிச் சுற்றித் திசை மாறும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு! அத்தனையையும் வாங்கிக்கொள்வது அந்த இரண்டு பேரிங்தான்.

லேத்தை வார்ப்பிரும்பில் செய்வதற்கு, இந்த இழுப்பு கிளப்பும் அதிர்வை அடக்குவதும் ஒரு காரணம். சாம்பல் வார்ப்பிரும்புக்குள் கார்பன் கிராஃபைட் செதில்களாக விரவிக் கிடக்கிறது. அதிர்வு அந்தச் செதில்களிடையே உராய்ந்து வெப்பமாகக் கரைகிறது. எஃகைத் தட்டினால் நீண்டு ரீங்கரிக்கும், இது மொத்தென்று அடங்கிவிடும். பலவீனமும் அதே செதில்கள்தான். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, விரிசல் விடும். டெயில்ஸ்டாக்கின் அடியிலும் டூல் ரெஸ்ட் பிடிப்பிலும் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். புதுப் பெயின்ட் என்றாலே எனக்குச் சந்தேகம் வருவது இதனால்தான்.

இனி பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்பிண்டிலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். நல்ல பேரிங் சத்தமில்லாமல் ஒரே சீராக ஓடும். விட்டுவிட்டுத் தட்டினால் உள்வளையத்தில் குழி விழுந்திருக்கலாம். மரத்தை ஸ்பிண்டிலில் மாட்டிய கூர்முனையான சென்டர் மேலேயே வைத்துச் சுத்தியலால் அடித்து ஏற்றுகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு அடியும் குண்டுகள் வழியாக வளையத்தில் பள்ளம் பதிக்கிறது. அடுத்து ஸ்பிண்டிலைப் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். விரலில் ஆட்டம் தெரியக் கூடாது.

தெரிந்தாலும் பயமில்லை. பேரிங்கின் பக்கவாட்டில் 6205 என்பதுபோல் ஓர் எண் பொறித்திருக்கும். கடைசி இரண்டு இலக்கம் 04 அல்லது அதற்கு மேல் என்றால், அதை 5-ஆல் பெருக்கினால் உள்விட்டம் மில்லிமீட்டரில் வந்துவிடும்: 05 என்றால் 25. பேரிங் கடையில் எண்ணைச் சொன்னால் சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது. மோட்டார் கிளம்பாமல் முனகினால், சிங்கிள் ஃபேஸ் என்றால் முதலில் கண்டென்சரைப் பாருங்கள், அதுவும் மலிவுதான்.

ஸ்பிண்டிலின் உள்வாய் பெரும்பாலும் 'மோர்ஸ் டேப்பர்' ஆக இருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஸ்டீபன் மோர்ஸ் வகுத்த அளவு. பக்கத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை டிகிரிதான் சரிவு. அவ்வளவு சன்னமாகக் குறுகுவதால் ஆணியும் திருகும் இல்லாமல் உராய்வே சென்டரைக் கவ்விக்கொள்கிறது. விரலை விட்டுத் தடவுங்கள். சின்னக் கீறலை ரீமர் போட்டுச் சரிசெய்யலாம். சென்டர் உள்ளே வழுக்கிச் சுற்றி ஆழமாக அரித்திருந்தால் கஷ்டம்தான்.

கடைசியாக ஸ்பிண்டிலிலும் டெயில்ஸ்டாக்கிலும் நல்ல சென்டரை மாட்டி, டெயில்ஸ்டாக்கை நெருக்கி, இரண்டு முனைகளையும் நேருக்கு நேர் நிறுத்தி ஸ்பிண்டிலைச் சுற்றுங்கள். முனை நின்ற இடத்திலேயே நின்றால் பேரம் பேச உட்காரலாம். சின்ன வட்டம் போட்டால் டேப்பர் கெட்டிருக்கிறது, அல்லது ஸ்பிண்டிலே வளைந்திருக்கிறது. வளைந்த ஸ்பிண்டிலென்றால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.